பையில் ஒன்று, கையில் ஒன்று

காலை எட்டு மணி வாக்கில் சென்னை கொரட்டூர் ரயில் நிலையத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். வில்லிவாக்கம், பெரம்பூர் என்று சென்ட்ரல் பக்கம் போகிறவர்களும் சரி, பட்டரவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே போகிறவர்களும் சரி, தோளில் பை மாட்டியவர்களில் பலர் இரண்டு கணினிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். கையில் இருப்பதில் வாட்ஸ்அப் முதல் வங்கிக் கணக்கு, ஆதார், பிள்ளையின் வீட்டுப்பாடம் வரை எல்லாம் இருக்கிறது. முதுகில் இருப்பது ஒன்றரை, இரண்டு கிலோ. சார்ஜரைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். வண்டியில் கூட்டம் ஏறினால் அந்தப் பை முதுகிலிருந்து மார்புக்கு வரும். வீடு போய்ச் சேரும்வரை அதன் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும்.

போகிற இடமெல்லாம் கணினியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பது ஒரு காலத்தில் கனவாக இருந்தது. 1972இல் ஆலன் கே ‘டைனாபுக்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான ஒரு கைக்கணினியைத் தாளில் வரைந்து காட்டினார். 1981இல் சந்தைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 கிட்டத்தட்ட 11 கிலோ. ஐந்து அங்குலத் திரை. கைப்பிடி இருந்ததால் அதையும் கையடக்கம் என்று விற்றார்கள். அந்தக் கனவு கொரட்டூர் நடைமேடையில் இருமடங்காகவே நிறைவேறிவிட்டது. எனக்கு விளங்காதிருந்தது அந்த இருமடங்குதான். ஒன்று போதாதா?

போனுக்கு அவ்வளவு சக்தி இல்லை என்ற பதில் இப்போது செல்லாது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் இன்டெல் சில்லை எடுத்துவிட்டு எம்1 சில்லை வைத்தது. அதன் உள்ளே இருந்தவை அதே ஆண்டு ஐபோன் 12இல் வந்த ஏ14 சில்லின் கருக்கள்தான், எண்ணிக்கை மட்டும் கூடுதல். ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சங் 2017லேயே கேலக்ஸி எஸ்8 போனோடு ‘டெக்ஸ்’ வசதியைக் கொடுத்தது. போனை ஒரு மானிட்டரில் செருகினால் மேசைக் கணினி போலவே திரை விரியும், மவுஸ் ஓடும். அதற்கும் முன்பு 2011இல் மோட்டோரோலாவின் ஏட்ரிக்ஸ் வந்தது, 2015இல் மைக்ரோசாஃப்டின் கன்டினியூம் வந்தது. இடையில் 2013இல் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காகப் பொதுமக்களிடம் 3.2 கோடி டாலர் கேட்டார்கள், 1.28 கோடி டாலருக்குத்தான் ஆதரவு கிடைத்ததால் திட்டம் கைவிடப்பட்டது. 2025 மே மாதம் கூகுள், சாம்சங்கோடு சேர்ந்து ஆண்ட்ராய்டுக்கே மேசைக் கணினித் தோற்றத்தைக் கொண்டுவருவதாக அறிவித்தது. ஆக, ஒரே கணினி போதும் என்ற யோசனை பதினைந்து வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. திறப்பார்தான் இல்லை.

ஏன் என்பதற்கான பதில் கொரட்டூருக்குப் பக்கத்திலேயே, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1960களில் உருவான பேட்டை அது. லேத், பிரஸ், மோல்டிங் என்று சிறு பட்டறைகள். சுற்றிலும் பாடி லூகாஸ் டிவிஎஸ், டிஐ சைக்கிள், டன்லப் போன்ற பெரிய ஆலைகள். அந்தக் காலத்துத் தொழிலாளி கொரட்டூரிலிருந்து சாப்பாட்டு கேரியரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். லேத் பட்டறையில் இருந்தது. சங்கு ஊதியதும் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார், லேத் வராது. 2000க்குப் பிறகு அதே பேட்டையில் எச்சிஎல் போன்ற நிறுவனங்கள் வந்தன, ஆம்பிட் பார்க் போன்ற கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. இப்போது லேத்துக்குப் பதிலாக மடிக்கணினி. அது முதலாளியின் சொத்தாகவே இருக்கிறது, ஆனால் தொழிலாளியின் முதுகில் ஏறி வீட்டுக்கு வருகிறது. முதுகில் இருப்பது கம்பெனியுடையது, கையில் இருப்பது தன்னுடையது. இரண்டு கணினி இருப்பது இரண்டு உடைமையாளர்கள் இருப்பதால். சில்லின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

இந்தச் சொத்துரிமைப் பிரச்சினையைக் கணினி ஆய்வாளர்கள் அறியாமல் இல்லை. இயந்திரத்தைத் தூக்காமல் அதனுள் இருக்கும் ‘தன்’னை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாமே என்று அவர்கள் பல வழிகளில் முயன்றார்கள். நம் கதைகளில் சித்தர்கள் செய்யும் கூடுவிட்டுக் கூடு பாய்தல்தான் அது. ஐபிஎம் ஆய்வகம் 2005இல் தன் கருவிக்கு ‘சோல்பேட்’ என்று ஆன்மாவின் பெயரையே வைத்தது. சிறிய டிஸ்க் ஒன்றில் உங்கள் முழுக் கணினியும், பாதியில் விட்ட வேலையோடு, உறங்கிக்கொண்டிருக்கும். எந்த ஊரில் எந்தக் கணினியில் செருகினாலும் அங்கே விழித்துக்கொள்ளும். அதற்கு மூன்று வருடம் முன்பு இன்டெலில் ராய் வான்ட் குழுவினர் திரையே இல்லாத ‘பர்சனல் சர்வர்’ ஒன்றைச் செய்தார்கள். அது சட்டைப் பையில் கிடக்கும். பக்கத்தில் எந்தத் திரை இருக்கிறதோ அதைக் கடன் வாங்கிக்கொள்ளும்.

இந்த வழியில் ஆழமாகப் போனவர் சென்னையில் படித்தவர். மகாதேவ் சத்யநாராயணன் ஐஐடி மெட்ராஸில் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்று, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து அங்கேயே பேராசிரியரானார். 1980களில் அவர் முன்னின்று உருவாக்கிய ஆண்ட்ரூ கோப்பு முறையில், வளாகத்தின் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் உங்கள் கோப்புகள் உங்கள் முன்னால் வந்து நிற்கும். 2002இல் மைக்கேல் கோசுச்சோடு சேர்ந்து அவர் முன்வைத்த திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மடிக்கணினியை மூடி, எடுத்துக்கொண்டு போய், வேறிடத்தில் திறந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறதல்லவா? மடிக்கணினியே இல்லாமல் அதைச் செய்யலாம் என்றார்கள். அலுவலகக் கணினியை உறங்கவைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அதன் நிலை வலைப்பின்னல் வழியே வீட்டுக் கணினிக்கு வந்திருக்கும்.

பெங்களூரில் இதே யோசனை ஏழைகளுக்கான வடிவம் எடுத்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டரின் முன்மாதிரி 2001இல் வெளியானது. மலிவான கைக்கணினி என்றுதான் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் பிடித்தது விலை இல்லை, அதன் ஸ்மார்ட் கார்டு துளை. ஊருக்கு ஒரு கருவி, பஞ்சாயத்தோ பள்ளியோ வாங்கி வைக்கும். ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையைச் செருகியதும் அது உங்கள் கணினி. எடுத்ததும் அடுத்தவருடையது. கணினி பொதுவாக இருக்கலாம், அதில் உள்ள ‘நான்’ பொதுவாக இருக்கக் கூடாது என்ற வேறுபாட்டை இவ்வளவு எளிதாகப் பிடித்த கருவி இந்தியாவில் வேறு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் வழியாக 2004இல் விற்பனைக்கு வந்தபோது சில ஆயிரங்களோடு நின்றுபோனது. செல்போன் அப்போது மலிந்துகொண்டிருந்தது.

சிம்ப்யூட்டர் செய்ய நினைத்ததைக் கொரட்டூர் போன்ற ஊர்களில் பெயர்ப்பலகை இல்லாமல் செய்துகொண்டிருந்தவை பிரவுசிங் சென்டர்கள். மணிக்கு இருபதோ முப்பதோ கொடுத்து, பென் டிரைவைச் செருகி, ரெஸ்யூம் தட்டி, பிரிண்ட் எடுத்துப் போகலாம். கடைக்காரருடைய இயந்திரம், நம்முடைய கோப்பு. ஆனால் கடன் வாங்கிய கூட்டில் ஏற்கெனவே யாராவது குடியிருந்தார்கள். பென் டிரைவில் போட்ட ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் வைரஸ் அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். தட்டும் எழுத்தையெல்லாம் பதிவுசெய்யும் மென்பொருளுக்குப் பயந்து, கடவுச்சொல்லை மவுசால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் விசைப்பலகையை வங்கிகள் திரையிலேயே வைத்தன. 2011 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டை கேட்கச் சொல்லின, யார் எதைப் பார்த்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லின, தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்று உயரம்கூடக் குறித்தன. இப்படியாக, பொதுக் கணினி என்பது சந்தேகத்துக்குரிய இடமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2012இல் கொண்டுவந்த, பென் டிரைவிலிருந்தே முழு விண்டோஸையும் ஓட்டும் வசதியும் எடுபடவில்லை. 2020இல் அதைக் கைவிட்டார்கள்.

சைபர் கஃபே விதிகள் வந்த அதே 2011, செப்டம்பர் 15. மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். கொரட்டூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2018இல்தான் அம்பத்தூர் வட்டத்தோடு சென்னை மாவட்டத்துக்கு வந்தது. மாநில அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளின் மூடியில் முதல்வர் படம் இருந்தது. முதல் சுற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பத்தாண்டுக்குள் விநியோகம் 50 லட்சம் அளவுக்குப் போனது. படத்தைப் பற்றிக் கேலி பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. சினிமா ஏற்றலாம், அக்காவும் தம்பியும் பயன்படுத்தலாம். 2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், கணினி இருந்த வீடுகள் இந்திய நகரங்களில் 23.4 சதவீதம், கிராமங்களில் 4.4 சதவீதம்தான். அந்த நிலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘இது என்னுடையது’ என்று சொல்லக்கூடிய கணினியை அரசு கொடுத்தது. சிலர் விற்றார்கள் என்பது உண்மை. விற்க முடிந்ததே அது அவர்களுடையது என்பதற்குச் சான்று என்று எடுத்துக்கொள்வேன்.

கம்பெனிக் கணினியின் கதை அப்படி இல்லை. 2020 மார்ச் வரை, அழைப்பு மையங்களும் பிபிஓக்களும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒரு கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டியிருந்தது. இயந்திரம் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது என்ற பழைய பேட்டை நியாயத்தின் தொடர்ச்சிதான் அது. மார்ச் 13 அன்று அந்த விதி தற்காலிகமாகத் தளர்ந்தது; நவம்பரில் விதிகளையே மாற்றி எழுதினார்கள். நடுவில் ஊரடங்கு. மடிக்கணினி கிடைக்காதவர்களுக்கு மேசைக் கணினிகளையே கம்பெனிகள் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பின. சிபியூ, மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. அவற்றில் பென் டிரைவ் செருகினால் வேலை செய்யாது, பிடித்த மென்பொருளைப் போட முடியாது, எந்த நேரத்தில் யார் உள்ளே இருந்தார் என்பது கம்பெனிக்குத் தெரியும். லேத் வீட்டுக்கு வந்துவிட்டது. அதோடு மேஸ்திரியும் வந்துவிட்டார். வேலை முடிந்து மூடி வைத்தாலும், ‘ஒரு நிமிஷம் லாகின் பண்ணுங்க’ என்ற அழைப்பு வராத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம் என்று கொரட்டூர் ஹவுசிங் போர்டுப் பக்கம் குடியிருக்கும் எந்த ஐடிக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கும் தொழில்நுட்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் 2014 முதலே ‘ஒர்க் புரொஃபைல்’ உண்டு: ஒரே போனுக்குள் அலுவலகத்துக்கென்று தனி அறை, அந்த அறைச் செயலிகளின் மேல் ஒரு சின்னப் பெட்டிப் படம். வேலையை விட்டுப் போனால் கம்பெனி அந்த அறையை மட்டும் காலி செய்யும் என்பது ஏற்பாடு. சொந்தப் போனில் கம்பெனிக்கு ஓர் அறை ஒதுக்க ஊழியர்களுக்குத் தயக்கம். அடுத்த அறையில் என்னென்ன செயலி இருக்கிறதோ என்று கம்பெனிக்குத் தயக்கம். என் ஊகம், பெரிய நிறுவனங்கள் வேறு பக்கம் போகும். வேலை முழுவதும் தொலைவிலுள்ள சர்வரில் நடக்கும், ஊழியரிடம் இருப்பது வெறும் கண்ணாடித் திரை. இப்போதே பல வங்கி வேலைகளும் மருத்துவக் கணக்கு வேலைகளும் அப்படித்தான் நடக்கின்றன. அப்போது முதுகுப் பை இளைக்கலாம். சத்யநாராயணன் சொன்னதுபோல் கைவீசிக்கொண்டும் போகலாம். ஆனால் அவர் கோப்புகளைக் கூடவே வரவைத்தது பயனருக்காக. இது கோப்புகளைக் கம்பெனியிலேயே இருத்திக்கொள்வதற்காக.

எல்லாமே தொலைவில் இருந்தால் கூடவே எடுத்துப்போக வேண்டியது சாவி மட்டும்தான். இந்தியாவில் அந்தச் சாவி செல்போன் எண். 2009 ஆகஸ்டில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியபோது தொடங்கியது, இன்று ஓடிபி இல்லாமல் டிஜிலாக்கரைக்கூடத் திறக்க முடியாத இடத்துக்கு வந்திருக்கிறது. போன் தொலைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். படங்கள் ‘கிளவுட்’ என்னும் மேகத்திலிருந்து இறங்கிவிடும். சிம்தான் சிக்கல். மோசடியைத் தடுக்கவென்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் போட்ட உத்தரவின்படி, மாற்று சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. நியாயமான ஏற்பாடுதான். இருந்தாலும் அந்த ஒரு நாள், எல்லாக் கணினிகளும் பக்கத்தில் இருந்தும் எதற்குள்ளும் நுழைய முடியாதவராக நீங்கள் இருப்பீர்கள்.

கொரட்டூர்க்காரர்களுக்கு இதன் கடுமையான வடிவம் ஏற்கெனவே பழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரி நிரம்பித் தெருக்களுக்குள் வந்தது. கரண்ட் போனது, பிறகு டவர் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுவதும் தண்ணீர். அந்த நாட்களில் மேகத்தில் வைத்த எதுவும் உதவவில்லை. கையிலிருந்த போனில் இறங்கியிருந்தது மட்டும், அதுவும் சார்ஜ் இருந்தவரை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தரைத்தளத்தில் நனைந்த சிபியூவுக்குள் மட்டும் இருந்தவை நிரந்தரமாகப் போயின. இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும், இணைப்பு வந்ததும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இதைத்தான் சத்யநாராயணனும் அவருடைய மாணவர் கிஸ்ட்லரும் 1990களின் தொடக்கத்திலேயே ‘கோடா’ என்ற கோப்பு முறையில் செய்து காட்டினார்கள். வலைப்பின்னல் அறுவது விதிவிலக்கு இல்லை, வழக்கம் என்று வைத்துக்கொண்டு வடிவமைத்தது அது. அமெரிக்காவில் எழுதப்பட்டதென்றாலும் சென்னை மழைக்காலத்துக்குப் பொருந்துகிறது. நாம் வாங்கும் சேவைகள் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகின்றன. இணையம் இல்லையென்றால் நேற்று நாமே எழுதிய குறிப்பைக்கூடக் காட்ட மறுக்கின்றன.

சம்பளக்காரர்களுக்கு, ஆக, இரண்டு கணினி இன்னும் பல வருடம் தொடரும். மாணவர்களிடம்தான் மாற்றத்தை எதிர்பார்க்கிறேன். பெருந்தொற்றோடு நின்றுபோன மடிக்கணினி விநியோகத்தை வேறு வடிவில் தொடரப்போவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது: கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில், மடிக்கணினி அல்லது டேப்லெட், அவரவர் விருப்பம். அந்த விருப்பப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றையும் வைத்திருக்கலாம்: ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். பல மாணவர்களின் பையில் கணினி ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் இல்லாதது உட்கார்ந்து தட்ட ஒரு திரை. கிளை நூலகங்களிலும் இப்படிப் பத்துத் திரை வைக்கலாம். பிரவுசிங் சென்டரில் இருந்த பயம் இதில் குறைவு, ஏனென்றால் இங்கே கடன் வாங்குவது கண்ணாடியையும் விசைகளையும் மட்டும். கோப்பும் கடவுச்சொல்லும் மாணவரின் போனைவிட்டு வெளியே போவதில்லை. பர்சனல் சர்வர் கேட்டது இதைத்தான்.

இதற்கு இன்று தடையாக இருப்பது மிகச் சிறிய ஒரு பொருள். போனிலிருந்து மானிட்டருக்குப் படம் போக வேண்டுமென்றால் அதன் டைப்-சி துளையில் அதற்கான இணைப்புகள் உள்ளே இருக்க வேண்டும். சாம்சங்கின் விலையுயர்ந்த வரிசைகளில் இருக்கிறது, ஐபோனில் 15ஆம் மாடல் முதல் இருக்கிறது. மாணவர்கள் கையில் இருக்கும் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் போன்களில் பெரும்பாலும் இல்லை. துளை டைப்-சி வடிவத்தில் இருக்கும், உள்ளே ஓடுவது பழைய யூஎஸ்பி 2.0. சார்ஜ் ஏறும், பென் டிரைவ் படிக்கும், படம் வராது. சார்ஜருக்கு எல்லோரும் ஒரே துளை வைக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐரோப்பிய ஒன்றியமும் கவலைப்பட்டன. படம் வெளியே வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தயாரிப்பாளர்களுக்கும் அவசரமில்லை, இன்னொரு கருவி விற்கும் வாய்ப்பு கெடும். கொரட்டூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடுகிறது. டெல் அங்கே 2007 முதல் கணினி செய்கிறது, ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது, ஹெச்பியின் குரோம்புக்குகள் 2023 முதல் அதே வட்டாரத்திலிருந்து வெளிவருகின்றன. லட்சக்கணக்கில் கருவி வாங்கும் அரசு, அடுத்த டெண்டரில் மாணவர் டேப்லெட்டின் துளை வழியே படமும் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், அதைச் செய்துகொடுக்க ஆள் இங்கேயே இருக்கிறார்கள்.